சட்டைக் கைக்குள் காந்தம்

அப்பாவின் வலது கை தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியபோது மலாக்காவில் எங்கள் பகுதியான காஜா பேராங்கில் இரண்டு கட்சிகள் உருவாயின. ஒரு கட்சி, மனிதர் திருட்டுத்தனமாகக் கள்ளு குடிக்கிறார் என்றது. இன்னொரு கட்சி, அவர்மேல் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றது. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற நேரம். ஏதாவது ஒரு கட்சியில் இல்லாதவரை மனிதராகவே யாரும் மதிக்கவில்லை.

அப்பாவுக்கு இதில் என்ன சங்கடம் என்றால், அவர் மதுவிலக்குப் பேச்சாளர். அதோடு கடவுள் இல்லை என்று மேடை போட்டுச் சொல்கிறவர். எங்கள் தெரு வாசகசாலையின் செயலாளர் என்ற முறையில் மாதம் ஒரு தடவையாவது இந்த இரண்டில் ஒன்றைப் பற்றிப் பேசிவிடுவார். கூட்டம் கூடுதலாக இருந்தால் இரண்டையும் பேசுவார். அப்படிப்பட்டவரைக் குடிகாரர் என்றாலும் மானம் போகும், சாமியாடி என்றாலும் மானம் போகும். அவர் உட்காருவதற்கு ஊர் வேறு நாற்காலி போடவில்லை.

அவருக்கு வேலை இரும்புக்கடையில். பண்டார் ஹிலிர் பக்கம் இருந்த அந்தக் கடையின் முதலாளி, தாத்தா காலத்திலேயே நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து மலாக்காவில் நிலைத்த முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். கீல், தாழ்ப்பாள், பூட்டு, தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டு. ஆணிகள் மட்டும் திறந்த மரத் தட்டுகளில் குவிந்து கிடக்கும், நிறுத்துக் கொடுப்பார்கள். நாள் முழுக்க நிறுத்ததில் தரையெல்லாம் ஆணி சிந்தியிருக்கும். மாலையில் கடை சாத்துமுன் அப்பா ஒரு பெரிய லாடக் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போவார். ஆணிகள் எல்லாம் ஓடிவந்து அதில் தொங்கும்.

அந்தக் காந்தம்தான் அவருடைய பிரசாரக் கருவியும். கூட்டம் உள்ள நாளில் முதலாளியிடம் சொல்லிவிட்டு எடுத்து வருவார். மேசையில் ஆணிகளைக் கொட்டிக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோவார். ஆணிகள் துள்ளும்.

"இதுக்குள்ள சாமி இருக்கா? பூசாரி இருக்காரா? யாராச்சும் தேங்கா உடைச்சீங்களா? ஆனா ஆணி வருது. இதுக்குப் பேருதான் விஞ்ஞானம்!"

கூட்டம் கைதட்டும். பின்வரிசையிலிருந்து அத்தை, "சாமி இருக்காடா. உனக்குத்தான் கண்ணு தெரியல" என்பார். அத்தை அப்பாவின் அக்கா. கணவரை இழந்த பிறகு எங்களோடு வந்துவிட்டவர். மாரியம்மனைத் தம் நாத்தனாரைப் போல நினைத்துப் பேசுவார், திட்டுவார், மறுநாள் சமாதானமாகிவிடுவார்.

கை ஆடத் தொடங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுதந்திரம் எந்தத் தேதியில் என்று பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்தார்களே, அன்றைக்கு. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஜனக் கூட்டம். அறிவிப்பு வந்ததும் திடலே கைதட்டியது. பிறகு எல்லாரும் தட்டுவதை நிறுத்தினார்கள். அப்பாவும் நிறுத்தினார். வலது கை மட்டும் நிறுத்தவில்லை. தொடையோரம் தொங்கியபடி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல் உரசிக்கொண்டு அது ஆடிக்கொண்டே இருந்தது.

"பாத்தியா, கைக்கே எவ்வளவு சந்தோஷம்னு" என்றார் அப்பா. நானும் சிரித்தேன். சுதந்திர ஆனந்தம் ஒரு வாரத்தில் அடங்கிவிடும் என்று இருவருமே நம்பினோம்.

அடங்கவில்லை. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சாசரைப் பிடித்திருந்தால் சாசர் கடகடத்தது. கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டால் உள்ளே கடைச் சாவிக்கொத்து குலுங்கியது. தெருமுனையில் அவர் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும், ஐஸ் வண்டிக்காரர் என்று பிள்ளைகள் காசோடு ஓடிவருவார்கள். கடைசியில் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளப் பழகினார். வாசகசாலையில் யாராவது பெரியவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டியிருக்கும், அப்போது கை விடுதலையாகி ஆடும்.

எதிர்வீட்டில் லோரியில் மூட்டை ஏற்றும் ஒருவர் இருந்தார். கள்ளுக்கடைக்கு நல்ல வாடிக்கை. அப்பாவின் மதுவிலக்குக் கூட்டங்களுக்கெல்லாம் தவறாமல் வருவார், பெரும்பாலும் அவரைப் பற்றித்தான் பேச்சு என்பதால். ஒருநாள் அவர் வாசலில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, மிகுந்த கரிசனத்தோடு பேசினார்.

"அண்ணே, வெக்கப்படாதீங்க. எனக்கும் காலையில இப்படித்தான் ஆடும். ஒரு கிளாஸ் உள்ள போச்சுன்னா கம்முனு நின்னுரும்."

"நான் அதைத் தொட்டதே இல்லைய்யா!"

"அதான் ஆடுது" என்றார் அவர்.

அப்பா கதவைச் சாத்திய வேகத்தில் நாள்காட்டி கீழே விழுந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, தமிழ்ப்பள்ளியில் பயிற்சி ஆசிரியை, மூக்குக்கு மேல் கோபம். நான் போய்க் கதவைத் திறந்து அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டேன். அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "பிள்ளைக்கு அப்பா மேல பாசம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மன் கட்சிக்குத் தலைவி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அத்தைக்கு இதில் துளிகூடச் சந்தேகம் இல்லை. இத்தனை வருடம் வாய்க்கு வந்தபடி பேசிய தம்பியின் மேல் ஆத்தா வந்து உட்கார்ந்துவிட்டாள், வேறெங்கே போவாள்? பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாவும் அதே கட்சி. தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் இருக்கிற செட்டிக் குடும்பம் அது. அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். ஆனால் பக்தியில் எங்கள் தெருவில் அவரை மிஞ்ச ஆளில்லை. வேலிக்கு மேலாக அப்பாவின் கையைப் பார்த்ததும் இரு கைகளையும் கூப்பி, "டத்தோ சுடா டத்தாங்" என்றார். சாமி வந்துவிட்டது என்று அர்த்தம். அப்பா அவருக்கு மலாயில் பகுத்தறிவை விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தை அப்பாவின் காலடியில் வைத்தார்.

அத்தை ஒருபடி மேலே போய் அந்தக் கையிடம் குறி கேட்க ஆரம்பித்தார். அப்பா செய்தித்தாளில் மூழ்கியிருக்கும்போது நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வார்.

"ஆத்தா, இந்தப் பிள்ளைக்கு இந்த வருஷம் கல்யாணம் ஆயிருமா?"

கை ஆடும்.

"ஆவுமாம்!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்துவார்.

அந்தப் பிள்ளை நான்தான். அந்தக் கை எல்லாக் கேள்விக்கும் ஆம் என்றே சொன்னது. அந்தக் கணக்குப்படி எனக்கு ஒரே வருடத்தில் சீன முதலாளி தவுக்கே வீட்டுக் கணக்கர், தாப்பா ரப்பர் தோட்டத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, அத்தையின் கொழுந்தன் மகன் என்று பல பேரோடு கல்யாணம் நடந்திருக்க வேண்டும்.

அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. அவர்தான் அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், நானும் கூடப் போனேன். இளவயது டாக்டர் ஒருவர் அப்பாவின் முழங்கையை மடக்கிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். நரம்பு சம்பந்தப்பட்ட நோய், மூளையில் ஆரம்பிக்கிறது, மெல்ல மெல்லக் கூடும், குணப்படுத்த மருந்தில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். உடம்புக்குத் தெம்பாக ஒரு டானிக்கும் எழுதிக் கொடுத்தார்.

"எதனால வருது?" என்று அப்பா கேட்டார்.

"தெரியாது" என்றார் டாக்டர்.

குணமாகாது என்றதைக்கூட அப்பா தாங்கிக்கொண்டார். இந்த ஒரு சொல்லைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பூசாரிக்குத் தெரியாது என்று கைதட்டு வாங்கியவர். இப்போது விஞ்ஞானமே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து தெரியாது என்கிறது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆகவே காரணத்தை அவரே கண்டுபிடித்தார். டானிக் சீசாவில் இரும்புச்சத்து என்று போட்டிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"எனக்கு எதுக்கு இரும்பு? இத்தனை வருஷமா இரும்புக்கடையில தூசியைத்தானே தின்னேன்! இரும்பு கூடிப் போச்சு, அதான். கைக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கு."

"இரும்பு சேர்ந்தா கை கனக்கணும்ப்பா. ஏன் ஆடணும்?"

"நீ பௌதிகம் படிக்கல" என்றார். அவரும் படித்ததில்லை.

டானிக் சாக்கடைக்குப் போனது. அடுத்த நாள் கடையிலிருந்து லாடக் காந்தம் வீட்டுக்கு வந்தது. காந்தம் ஆணியை இழுக்கும், கைக்குள் இருப்பதும் இரும்பு, ஆகவே நாளாக நாளாக அதையும் வெளியே இழுத்துவிடும். சாமியும் இல்லை, பூசாரியும் இல்லை, சுத்தமான விஞ்ஞானம். அம்மா தம் பழைய மெல்லிய பருத்திச் சேலையைக் கிழித்து நாடா வைத்த ஒரு பை தைத்துக் கொடுத்தார். அதில் காந்தத்தைப் போட்டு மணிக்கட்டுக்கு மேல் கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டு, பொத்தானும் போட்டுக்கொள்வார். தாயத்துக் கட்டுகிறவர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

இந்த ரகசியம் எங்கள் மூவருக்கு மட்டும்தான். அத்தைக்குத் தெரிந்தால் அப்பா நோயை ஒப்புக்கொண்டதாகிவிடும். நோய் என்று தெரிந்தால் வாசகசாலையில் அவரை ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள். மெர்டேக்கா என்ற சுதந்திர தினத்தன்று காலை வாசகசாலை முன்னால் புதுக்கொடியை ஏற்றப்போவது செயலாளர் என்று எப்போதோ முடிவாகியிருந்தது. அந்தக் கொடியைத் தம் கையால் ஏற்ற வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் அப்பாவுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

காந்தம் கட்டிய முதல் வாரமே அற்புதம் நிகழ்ந்தது. கடையில் ஒரு அம்மாள் சின்ன ஆணி கேட்டிருக்கிறார். அப்பா தட்டுக்கு மேலாகக் கையை நீட்டியிருக்கிறார். ஆணிகள் தாமாக எழும்பி வந்து அவர் சட்டைக் கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டன. அந்த அம்மாள் பையைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாலைக்குள் உஜோங் பாசிர் வரைக்கும் செய்தி போய்விட்டது. மறுநாள் கடை வாசலில் எலுமிச்சம்பழமும் சூடமுமாக ஆட்கள். ஆத்தா தொட்ட ஆணி என்று நிலைவாசலில் அடிக்க வாங்கிப் போனார்கள். அப்பா, "சாமி இல்ல, சாமி இல்ல" என்று கையை ஆட்டி மறுத்தார். ஆட்டிய கையில் இன்னும் நாலு ஆணி ஒட்டியது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா ஆணி நல்லா போவுது. நீ கொஞ்ச நாளைக்கு மறுத்துக்கிட்டே இரு" என்றார்.

சட்டைக் கையைச் சுருட்டிக் காந்தத்தைக் காட்டினால் ஒரு நொடியில் அற்புதம் செத்துவிடும். ஆனால் காட்டினால் அது ஏன் அங்கே இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அப்பா காட்டவில்லை. வாழ்நாள் முழுக்க அற்புதங்களை அம்பலப்படுத்தியவர், தம் சொந்தச் சட்டைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு ஊமையாக இருந்தார். அவருக்கு அந்த வாரங்களில் சோறு இறங்கவில்லை.

வாசகசாலைத் தலைவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர், அதனால் எல்லாரும் சொன்னதையும் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. சனங்கதான் பேசுது. பாதிப் பேரு, நீங்க கோயிலுக்குப் போயிட்டு ஈரத்துணியோட வந்து ஏத்தணுங்கிறாங்க. மீதிப் பேரு, கொடி ஏத்துறப்ப கை ஆடினா, சுதந்திரம் அன்னிக்கே தண்ணியான்னு மத்த தெருவெல்லாம் சிரிக்கும்கிறாங்க. நான் வேணும்னா..."

"நான்தான் ஏத்துவேன். காஞ்ச துணியோட. கை ஆடாம" என்றார் அப்பா.

அன்று முதல் கொல்லையில் ஒத்திகை. இரண்டு மூங்கில் கம்பு, ஒரு கொடிக்கயிறு, அம்மாவின் துண்டு. அப்பா கயிற்றை இழுப்பார், துண்டு மேலே போகும். அப்போதுதான் ஒரு ஆச்சரியம் தெரிந்தது. கயிற்றை இழுக்கும்வரை கை ஆடவில்லை. சும்மா விட்டால்தான் ஆடியது, ஒரு வேலை கொடுத்தால் நின்றுவிட்டது. இந்த நோயில் பலருக்கும் அப்படித்தான் என்று நான் பிற்காலத்தில் தெரிந்துகொண்டேன். அப்பா அந்தப் பெருமை முழுவதையும் காந்தத்துக்குக் கொடுத்தார். "இழுக்குது, இழுக்குது! இரும்பு இறங்குது" என்று அவர் குதித்தபோது நானே கொஞ்சம் நம்பிவிட்டேன்.

மெர்டேக்கா காலை. தெரு முழுக்கத் தோரணம், பிள்ளைகள் கையில் காகிதக் கொடி. வாசகசாலை முன்னால் கம்பம். அதை முதலாளி அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். கடையில் இருந்ததிலேயே நல்ல தடிமனான குழாயாகப் பார்த்து அப்பாவே தேர்ந்தெடுத்து, தாமே வெள்ளைச் சாயம் பூசியிருந்தார். இரும்புக் குழாய். இரும்பில் காந்தம் ஒட்டும் என்று மேடைதோறும் காட்டியவர் அதை எப்படி மறந்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஒத்திகை மூங்கிலில் நடந்ததுதான் வினை.

அப்பா வெள்ளைச் சட்டையில் நடந்துவந்தார். கயிற்றைப் பிடித்தார். கை ஆடவில்லை. கள்ளுக் கட்சி கழுத்தை நீட்டிப் பார்த்தது. கொடி கிளம்பியது. ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு, கொடி பாதிக் கம்பத்துக்கு வந்தது. அடுத்த இழுப்பில் வலது கை கீழே இறங்கியபோது கம்பத்துக்குக் கொஞ்சம் கிட்டே போய்விட்டது. டங் என்று ஒரு சத்தம்.

அப்பா நின்றுவிட்டார்.

வெளியிலிருந்து பார்க்க, கம்பத்தில் கையை ஊன்றிக்கொண்டு ஏதோ யோசிப்பதுபோல் இருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் புரிந்துவிட்டது. பலமாக இழுத்தால் கை வந்துவிடும், ஆனால் பழைய சேலைத் துணி கிழிந்து காந்தம் கம்பத்திலேயே தொங்கும். இழுக்காவிட்டால் கொடி அங்கேயே நிற்கும். பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள், பாடி முடித்தார்கள். கொடி நகரவில்லை.

தலைவர் பக்கத்தில் வந்து வாயை மூடிக்கொண்டு பேசினார். "அண்ணே, பாதிக்கொடின்னா துக்கம். யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம். சுதந்திரம்ண்ணே இது."

அந்த நேரம் பார்த்து அத்தை குலவையிட்டார். ஆடிய கை கம்பத்தைத் தொட்டதும் ஆடாமல் நின்றுவிட்டதே, ஆத்தா கொடிமரத்தில் இறங்கிவிட்டாள்! அம்மன் கட்சிப் பெண்கள் சேர்ந்து குலவையிட்டார்கள். யாரோ வேப்பிலை தேடி ஓடினார்கள். எதிர்வீட்டு லோரிக்காரர் தம் பங்குக்கு, "பிடிச்சுக்குங்க அண்ணே, விழுந்துராதீங்க! எனக்கும் கம்பத்தைப் பிடிச்சாத்தான் நிக்க வரும்!" என்று தைரியம் சொன்னார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் சொல்ல முடியவில்லை. நான் முன்னால் ஓடுவதற்குள் அவரே இடது கையால் வலது சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றினார். முழங்கை வரை சுருட்டினார். நாடாவை அவிழ்த்தார். கை தனியாக வந்தது. அம்மாவின் சேலைத் துண்டு தொங்க, லாடக் காந்தம் கொடிக்கம்பத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

குலவை பாதியில் அறுந்தது.

அப்பா வெறும் கையைத் தலைக்கு மேலே தூக்கி விரித்துப் பிடித்தார். முதலில் அது அசையாமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் பார்க்க ஆடத் தொடங்கியது.

"இது கள்ளு இல்ல. சாமியும் இல்ல. நோய்" என்றார். மேடைக் குரல் இல்லை, சாதாரணக் குரல். "ஏன் வந்துச்சுன்னு டாக்டருக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்ச மாதிரி நான் ஒரு காந்தத்தைக் கட்டிக்கிட்டேன். உங்க தாயத்து மாதிரிதான் அதுவும். எனக்கும் தெரியல. அவ்வளவுதான்."

பிறகு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தார். வேலை கிடைத்ததும் கை நின்றது. கொடி உச்சிக்குப் போய் விரிந்தது. கைதட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, நான்தான் முதலில் தட்டினேன். எனக்கு அழுகையும் வந்துவிட்டது, ரோட்டில் நின்று அழுவது எனக்குப் பிடிக்காத விஷயம், அதனால் இன்னும் பலமாகத் தட்டினேன்.

கூட்டம் கலைந்தபோது லோரிக்காரர் அப்பாவிடம் வந்தார். ஆடுகிற கையைத் தம் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, என் கை ஏன் ஆடுதுன்னு எனக்காச்சும் தெரியும். நீங்கதான் பாவம்."

அப்பா சிரித்தார். பல மாதங்களில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். லோரிக்காரர் அதற்காகக் குடியை விட்டுவிடவில்லை, வழக்கம்போல் போனார் வந்தார். அத்தையும் கட்சி மாறவில்லை, ஆத்தாதான் அவனை உண்மை பேச வைத்தாள் என்றார். ஆனால் குறி கேட்பதை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு அப்பா சில வருடங்கள் இருந்தார். நடை சின்னச் சின்ன அடியாகக் குறுகியது. கையெழுத்து எறும்பளவு ஆனது. முகம் இறுகிப் போனதால் நகைச்சுவையையும் சிரிக்காமலேயே சொன்னார், அதனால் எங்களுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. கரண்டி தூக்க முடியாமல் போனதும் அத்தைதான் ஊட்டிவிட்டார். "சாமி பேரைச் சொல்லாம ஊட்டு" என்பார் அப்பா. அத்தை உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு ஊட்டுவார். கடையை விட்டு நின்றபோது முதலாளி அந்தக் காந்தத்தை அவருக்கே கொடுத்துவிட்டார்.

ஒருநாள் அப்பா என்னிடம், "இது ஏன் வருதுன்னு எப்பவாச்சும் கண்டுபிடிப்பாங்க. அப்ப எனக்கு வந்து சொல்லு" என்றார்.

"செத்த பிறகு ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொல்வீங்க. நான் எங்க வந்து சொல்றது?"

"சும்மா சொல்லி வை" என்றார்.

போன வருடம் என் வலது கை ஆடத் தொடங்கியது. இப்போது எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. என் மகளுக்குத்தான் பயம், என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த பையன் மலாய்க்காரப் பிள்ளை, நல்ல மரியாதை. வளையல், சங்கிலி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னான். உள்ளே இருப்பது பெரிய காந்தமாம், இரும்பு எதுவும் கூடாதாம். உடம்புக்குள் எங்காவது இரும்பு இருக்கிறதா பாட்டி என்று கேட்டான். "என் அப்பாவுக்குக் கையில இருந்துச்சு" என்றேன். அவன் எழுந்துபோய் மகளிடம் விசாரித்தான்.

அந்தக் குழாய்க்குள் படுத்தேன். தகரக் கொட்டகையில் சம்மட்டி அடிப்பதுபோல் சத்தம். அசையக்கூடாது என்றார்கள். என் கையிடம் யார் சொல்வது? நான் சிரிப்பை அடக்கியதில்தான் தலை அசைந்திருக்க வேண்டும், திரும்ப எடுத்தார்கள்.

டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், பேத்தி வயது. கணினித் திரையில் என் மூளையைக் காட்டினாள். அடியில், நடுவாக்கில், கறுப்பாக ஒரு இடம்.

"ஆண்ட்டி, இந்த எடத்துல இருக்கிற நரம்புச் செல்லுங்கதான் குறைஞ்சு போவுது. எல்லாருக்குமே வயசாக ஆக மூளையில கொஞ்சம் இரும்பு சேரும். இந்த நோய் உள்ளவங்களுக்கு இங்க கூடுதலா சேருது. இந்த மெஷினுக்கு இரும்பு இருந்தா தெரியும், அதான் கறுப்பா விழுது."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்ன சேருதுன்னு சொன்ன?"

"இரும்பு ஆண்ட்டி."

"அப்ப அந்தக் காந்தம் அதை வெளிய இழுத்துருமா?"

அவள் சிரித்துவிட்டாள். "இழுக்காது. பார்க்க மட்டும்தான் முடியும்."

"ஏன் சேருது?"

"அது இன்னும் சரியா தெரியல. இரும்பு சேர்றதால நோய் வருதா, நோய் வர்றதால இரும்பு சேருதான்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே இருக்காங்க." இரும்புக்கடைத் தூசிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றாள். மாத்திரை எழுதிக் கொடுத்தாள், இப்போது மாத்திரை இருக்கிறது. நான் அழுவதைப் பார்த்துப் பயந்துபோய், நோய் மெதுவாகத்தான் கூடும் என்று ஆறுதல் சொன்னாள். நான் அதற்கு அழவில்லை என்று அவளுக்கு எப்படி விளக்குவது?

அந்த லாடக் காந்தம் எங்கள் வீட்டு அடுப்படியில், காய்கறி வைக்கும் ஐஸ்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக் கிடக்கிறது, கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டு. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, கொண்டை போட்டு ஊசி செருகிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனேன். காந்தத்தைப் பிடுங்கினேன். பில் கீழே விழுந்தது. அப்பா ஒரு இடத்தை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார். காந்தத்தை நான் தலையில் வைத்துப் பிடித்தேன்.

"அப்பா, கையில இல்ல. இங்கதான் இருந்துச்சு. இரும்புதான். ஏன்னு மட்டும் இன்னும் தெரியலையாம்."

டக்கென்று ஏதோ வந்து காந்தத்தில் ஒட்டியது. எடுத்துப் பார்த்தேன், கொண்டை ஊசி.

மகள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா! என்னா பண்றீங்க?"

"உன் தாத்தாவுக்கு ஒரு தகவல் சொல்ல வேண்டியிருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் காந்தத்தைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டேன். அவள் வந்து வாங்கும்வரை என் கை ஆடவே இல்லை.